மகாராணியின் மூன்றாவது சரணம்

சிதம்பரத்தில் எங்கள் நாடகம் முதல்முறை நடந்தபோது, மகாராஜா இறந்து மகாராணி போர்க்களத்துக்கு வந்து சேர்வதற்குள் அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. அவர் முதல் சரணத்தைப் பாடும்போது மீதியிலும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது சரணத்தில் வாடகைக் கடைக்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குவது எவ்வளவு பெரிய சத்தம் என்பது மேடையின் பக்கவாட்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும். மூன்றாவது சரணம் வேண்டாம் என்று மகாராணியே முடிவு செய்து, ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மங்களத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஊர் ஊராக நடந்த சங்கீத நாடகம் அது. வசனத்தைவிடப் பாட்டு அதிகம். மந்திரியின் பொய்யை நம்பி, படை சேர்க்காமல் சண்டைக்குப் போகும் ராஜா செத்துப்போகிறார். ராணி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு போர்க்களத்துக்கு வருகிறாள், உடலைத் தேடிக் கண்டுபிடித்து அழுகிறாள், கடைசியில் தீயில் இறங்குகிறாள். விடிய விடிய நடந்த இந்தக் கதையை வெட்டிச் சுருக்கி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவந்தவன் நான். எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலம். சுனாமி வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எதையும் மூன்று மணி நேரத்துக்குள் அடக்கிவிடலாம் என்ற தைரியம் அப்போது எனக்கு இருந்தது. ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்துவிட்ட நாளில் சங்கீத நாடகத்தை மறுபடி நிற்கவைக்கப் போகிறோம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டு வருவேன்.

ராஜாவாக நடித்தவர் என் தாய்மாமா. மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு, கடலூரில் ஆபீஸ் வேலை. கட்டைக் குரல், நல்ல ஆகிருதி, கிரீடம் வைத்தால் அப்படியே பொருந்தும். அவருக்கு ஒரே ஒரு பலவீனம், ஒன்ஸ்மோர். கூட்டத்தில் யாராவது உரக்க இருமினால்கூட அதை ஒன்ஸ்மோர் என்று எடுத்துக்கொண்டு பல்லவியிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

ராணியாக நடித்தவர் ஒரு நர்ஸ். நாற்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான், கிரீடம் வைத்த பிறகும் சிஸ்டர்தான். சர்ச்சில் பாடிப் பழகிய குரல். அந்தப் புலம்பல் பாட்டுக்காக மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வந்தார். நைட் டியூட்டி முடித்துவிட்டு, கண் சிவக்கச் சிவக்க வந்து பாடிய நாட்களும் உண்டு. பாட்டில் மூன்று சரணம். முதலில் ராணி உடலைத் தேடுகிறாள். அடுத்ததில் செத்துக் கிடப்பவரோடு சண்டை போடுகிறாள். மூன்றாவதில் பிள்ளைகளிடம் விடைபெற்றுத் தீயை நோக்கி நடக்கிறாள். அங்கே மெட்டு படிப்படியாக மேலே ஏறி, யாருக்கும் எளிதில் எட்டாத ஓர் இடத்தில் போய் நிற்கும்.

“இந்த மூணாவதுக்காகத்தான் நான் வரேன். மத்ததெல்லாம் யாரு வேணாலும் பாடலாம்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்த மூன்றாவதைத்தான் சிதம்பரத்தில் நாற்காலி அடுக்கும் சத்தத்துக்கு விட்டுக்கொடுத்தோம். அன்று நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு மண்டை காய்கிறது. முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராஜா முதல் பாட்டை எடுத்ததுமே ஒருவர், “இது அந்த ராகமே இல்ல. எங்கப்பா காலத்துல வேற ராகத்துல பாடுவாங்க” என்றார். “உங்கப்பாவுக்குக் காதே கேக்காதேய்யா” என்றார் மற்றவர். இந்த விவாதம் மூன்று காட்சிகளுக்கு நீண்டது. மேடையில் பேசிய வசனத்தைவிட அது தெளிவாகக் கேட்டது.

மந்திரி தூணுக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்கும் காட்சியில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று கத்தினார். “ராசா, பின்னாடி நிக்கிறான் பாரு! வுடாத அவன!”

மாமா அந்தப் பக்கம் திரும்பி, கம்பீரமாகக் கையை உயர்த்தி, “கண்டோம், கண்டோம்” என்றார். கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கண்டுவிட்டால் கதை ஏது? அடுத்த காட்சியில் அதே ராஜா அதே மந்திரியின் பேச்சை அப்படியே நம்பியபோது, “இன்னாய்யா இவன், இப்பதான கண்டேன்னான்” என்று ஒருவர் நியாயமாகக் கேட்டார்.

தர்பார் காட்சியின் நடுவில் ஊர்ப் பிரமுகர் ஒருவர் படியேறி வந்து ராஜாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கை வாங்கி நாலு வார்த்தை பேசினார். பிறகு சேனாபதிக்கும் ஒன்று போர்த்தினார், அவர் அந்த நேரம் ராஜாவிடம் மன்னிப்புக் கேட்டு மண்டியிட்டிருந்தார். மாமா அந்த ஜிகினாத் துண்டோடுதான் போருக்குப் போய்ச் செத்தார். இடையிடையே ஒன்ஸ்மோர், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்ஸ்மோர். ராணி வந்து சேரும்போது சேத்தியாத்தோப்பு போகிறவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்து எழுந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து, பஸ்ஸே தேவைப்படாத கீழவீதிக்காரர்களும் எழுந்துவிட்டார்கள்.

மேக்கப்பைக் கலைத்துக்கொண்டே சிஸ்டர் என்னிடம் சொன்னார். “தம்பி, கடலூர்லயும் இப்படித்தான்னா, அதோட நான் நின்னுக்கிறேன். வேற ஆளப் பாத்துக்குங்க.”

வேறு ஆள் இல்லை. அந்தப் பாட்டைப் பாட எங்களுக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. சிஸ்டர் நின்றால் நாடகமும் நின்றது. அதனால் கடலூர் நாடகத்துக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஜனங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அந்த மூன்று சரணத்தையும் பாடவைக்க வேண்டும்.

இடம் பிடித்தது மாமா. தெரிந்தவர் ஒருவருடைய கல்யாண மண்டபம் ஒரு மத்தியானத்துக்குச் சும்மாவே கிடைத்தது. மறுநாள் அங்கே முகூர்த்தம். அன்று சாயங்காலமே பெண் அழைப்பு. ஏழு மணிக்குள் காலி செய்துவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றரைக்கு ஆரம்பித்தால் ஆறரைக்கு முடித்துவிடலாம், ஒன்ஸ்மோர் மட்டும் இல்லாவிட்டால்.

“மாமா, ஒன்ஸ்மோர் கேட்டா கண்டுக்காதீங்க. காதுலயே விழாத மாதிரி அடுத்த வசனத்துக்குப் போயிடுங்க.”

“காசு பணமா கேக்குறான்? பாட்டுதானடா கேக்குறான்” என்றார் மாமா.

“சிஸ்டர் பாட்டுக்கு நேரம் வேணும் மாமா.”

“எனக்குத் தெரியாதா? நான் பாத்துக்கிறேன், நீ போ.”

அவர் பார்த்துக்கொள்ளும் லட்சணம் தெரிந்ததால் நான் ஒரு பெரிய சார்ட்டில், ‘அன்பர்கள் ஒன்ஸ்மோர் கேட்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதி மேடையின் ஓரத்தில் மாட்டினேன். திரை விலகுவதற்கு முன்னால் மைக்கிலும் அதையே விளக்கமாகச் சொன்னேன். சங்கீத நாடகத்தின் பெருமை, காலத்தின் அருமை, ரசிகனின் கடமை என்று எல்லாவற்றையும் தொட்டுப் பேசி முடித்தேன். பின்வரிசையில் எவனோ ஒருவன் வாயில் கையைக் குவித்து, “ஒன்ஸ்மோர்!” என்றான்.

மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த சார்ட்டை யாரும் அறிவிப்பாகப் பார்க்கவில்லை, சவாலாகத்தான் பார்த்தார்கள். சிதம்பரத்தில் பாட்டுக்கு மட்டும் கேட்டார்கள். கடலூரில் வாள் சண்டைக்குக் கேட்டார்கள். மந்திரி தடுக்கி விழுந்ததற்குக் கேட்டார்கள், அது ஒத்திகையிலேயே இல்லாத விழுதல். மாமா என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே மேடையின் மறுகோடிக்குப் போய் நின்று பாடினார். நான் பக்கவாட்டிலிருந்து கையைக் காலை ஆட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டியது.

ஒன்ஸ்மோர் கேட்காதவர்கள் என்று பார்த்தால் இடது பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்த தேவனாம்பட்டினத்துப் பெண்கள் மட்டும்தான். சுனாமி அலை வந்த பிறகு அந்த மீனவக் குப்பத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு சிஸ்டர் வாராவாரம் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தில், எங்க சிஸ்டரு வேஷம் கட்றாங்களாம் என்று ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் ஒன்ஸ்மோர் கேட்காததற்குக் காரணம் ரசனை என்று நான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய் நின்றபோதுதான் தெரிந்தது, அவர்கள் நாடகத்தையே கவனிக்கவில்லை. கடலையை உரித்துக்கொண்டு, சிஸ்டர் காதில் போட்டிருப்பது கவரிங்கா தங்கமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ராஜா சாகும்போது ஏழு மணி ஆக ஐந்து நிமிடம். மாமா சாவதற்கும் ஒன்ஸ்மோர் கேட்டார்கள் என்பதையும், அவர் லேசாகத் தலையைத் தூக்கி யோசித்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சிஸ்டர் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு மேடைக்கு வந்தார். மண்டபம் அமைதியானது. நிஜமாகவே அமைதியானது. யாரும் எழுந்து போகவில்லை. ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. அவர் வாயைத் திறந்து முதல் வரியின் முதல் வார்த்தையை இழுத்த நேரத்தில் மண்டபத்தின் பக்கவாசல் வழியாகப் பட்டு வேட்டி கட்டிய ஒருவர் ஓட்டமும் நடையுமாக மேடைக்கே வந்துவிட்டார். அவர் பின்னால் தாம்பாளங்களோடு வந்த நாலைந்து பெண்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள்.

“நிறுத்துங்கம்மா, நிறுத்துங்க! நான் பொண்ணுக்குத் தாய்மாமன். வாசல்ல பொண்ணு வந்து நிக்குது. உள்ள ஒப்பாரி சத்தம் கேக்குது. நாளைக்குத் தாலி ஏறுற மேடைம்மா இது!”

இடத்தைப் பேசினோம், நேரத்தைப் பேசினோம், மைக் செட்டைப் பேசினோம். கல்யாண மேடையில் தாலி அறுத்தவள் பாட்டைப் பாடப் போகிறோம் என்பது மாமாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

“சார், ஒரு பாட்டுதான். பத்து நிமிஷம்” என்றேன்.

“பத்து நிமிஷம் எதுனா கல்யாணப் பாட்டு பாடச் சொல்லுங்க தம்பி. நானே உக்காந்து கேக்குறேன்.”

“கதையில ராஜா செத்துட்டாரு சார்.”

அவர் குனிந்து, செத்துக் கிடந்த மாமாவைப் பார்த்தார். “எழுப்புங்களேன்” என்றார்.

இத்தனை நேரம் என் உயிரை எடுத்த ரசிகர்கள் இந்த ஓர் இடத்திலாவது எங்கள் பக்கம் நிற்பார்கள் என்று கூட்டத்தைப் பார்த்தேன். மொத்தக் கூட்டமும் பெண்ணின் தாய்மாமன் பக்கம் சாய்ந்துவிட்டது. “அவர் சொல்றது கரெக்டுதான்பா.” “ஒரு பொண்ணு வாழப்போற நேரத்துல இன்னாப்பா நீ.” “படிச்ச புள்ள, இதுகூடத் தெரியாதா?” ஒன்ஸ்மோர் என்று முதலில் கத்திய அதே குரல், “மங்களம் பாடி முடிங்கப்பா” என்றது.

சிஸ்டர் கூந்தலை அள்ளி முடிந்துகொள்ளத் தொடங்கினார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சிதம்பரத்தில் தலையை ஆட்டியபோதும் முகம் இப்படித்தான் இருந்தது.

“வெளிய பாடட்டுமே” என்றாள் கடலை உரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி. “கேட்டுக்கு அந்தாண்ட காலி மனை கெடக்குது. எங்க சிஸ்டரு எவ்ளோ கஷ்டப்பட்டு வேஷம் கட்டிகினு வந்துருக்காங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு அழுவாம போறதா?”

தாய்மாமன் யோசித்தார். “கேட்டுக்கு வெளியன்னா எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

அப்படித்தான் எங்கள் போர்க்களம் தெருவுக்கு வந்தது. ஜனங்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, மண்டபத்து மேனேஜர் கேட்டை மறித்து, “சேர் வெளிய போவக்கூடாது, சேர் வெளிய போவக்கூடாது” என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மைக் இல்லை. ஆர்மோனியத்தை ஒரு மொபெட்டின் சீட்டில் வைத்து, ஆர்மோனியக்காரர் நின்றுகொண்டே வாசித்தார். தெருவிளக்குக்குக் கீழே, ஒரு பழைய பேனரை விரித்து, மாமா கிரீடத்தோடு மறுபடியும் செத்துப் படுத்தார்.

சிஸ்டர் ஆரம்பித்தார். மைக் இல்லாததால் எல்லோரும் நெருங்கி வந்தார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். முதல் சரணம் அருமையாகப் போனது. ராணி உடலைக் கண்டுபிடித்து, தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “இன்னா, ஆக்சிடென்ட்டா?” என்று கேட்டார். பின்னாலேயே வந்த ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, “ஆளு மூச்சு வுடுறாருப்பா! தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்று மாமாவின் காலைப் பிடித்தார்.

“நாடகம்யா, போய்யா!” என்றது பிணம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸைக் கைகாட்டி அனுப்பினேன். ஆட்டோக்காரரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன், அவரும் அங்கேயே நின்று பார்க்கத் தொடங்கினார். சிஸ்டர் நிறுத்தவில்லை. இரண்டாவது சரணத்துக்குப் போய்விட்டார். என் பேச்சைக் கேட்காமல் போனீரே, இந்தப் பிள்ளைகள் முகத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தீரா என்று செத்தவரோடு மல்லுக்கு நிற்கும் சரணம். ஒரு சுற்று பாடி, அதே வரியை இரண்டாவது தரம் எடுத்தபோது, தேவனாம்பட்டினத்துப் பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

“அம்மா, அம்மா, அங்க போவாதீங்க, நாடகம் நடக்குது” என்று ஓடினேன். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

போய் சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சின்ன இளவரசனாக நடித்த பையனை ஒருத்தி இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சாவு வீட்டில் ஒருத்தி அழும்போது மற்றவர்கள் வந்து கட்டிக்கொண்டு கூடவே அழுவார்கள், அவளைத் தனியாக அழவிட மாட்டார்கள். அதைத்தான் செய்தார்கள். சிஸ்டரின் வரி முடிந்த இடத்தில் அவர்களுடைய வரி தொடங்கியது. ஆர்மோனியக்காரர் கொஞ்ச தூரம் பின்னாலேயே போய்ப் பார்த்தார், பிறகு துருத்தியை மூடிவிட்டார். அவர்கள் சொல்லி அழுத பெயர்கள் எதுவும் எங்கள் நாடகத்தில் இல்லை.

கூட்டத்துக்கு ராணி தெரியவில்லை. ராஜாவும் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. முன்னால் முண்டியடித்து இடம் பிடித்திருந்தவர்கள்கூட இப்போது ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. நான் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது சரணம் வரும், கடைசி ஏற்றம் வரும் என்று காத்திருந்தேன். அது வரவே இல்லை. அழுகை அதன் போக்கில் போய், அதன் போக்கில் தேய்ந்து, மூக்கைச் சிந்தும் சத்தமாக முடிந்தது. அழுதுவிட்டு முகம் கழுவாமல் வீட்டுக்குப் போகக்கூடாதாம். தண்ணீர் கேட்டார்கள்.

மண்டபத்துக்குள் ஓடினேன். பந்திக்கு வாழை இலை கழுவிக்கொண்டிருந்த இடத்தில் தாய்மாமன் நின்றிருந்தார். கேட்டதும் ஒரு வாளியை எடுத்து அவரே ரொப்பிக் கொடுத்தார். “முடிச்சிட்டாங்களா?” என்றார்.

“முடிக்கல” என்றேன்.

வாளியைக் கொண்டுபோய் வைத்ததும் பெண்கள் வரிசையாக முகம் கழுவினார்கள். சிஸ்டரும் கழுவினார். மகாராணியின் மை கன்னமெல்லாம் வழிந்து போனது. நான் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, “சிஸ்டர், இப்பவாவது மூணாவது பாடிடுங்க. எல்லாரும் இன்னும் நிக்கிறாங்க” என்றேன்.

“எங்கப்பா பாடறது? நடுவுல ஒரு அம்மா எனக்கு மூக்கத் தொடச்சி உட்டாங்க” என்றார் சிஸ்டர். தொண்டை கட்டியிருந்தது.

அதற்குள் சின்ன இளவரசனை மடியில் வைத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். பையன் தூங்கிவிட்டிருந்தான். “தம்பி, அப்புறம் அந்த ராணி இன்னா ஆனா? பாதியில நிறுத்திப்புட்டீங்களே.”

நீங்கள்தானே நிறுத்தினீர்கள் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, “தீயில எறங்கி செத்துடுவாங்கம்மா. அதத்தான் கடைசிப் பாட்டுல பாடுவாங்க” என்றேன்.

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்ட மாதிரி.

“அதெல்லாம் எறங்க மாட்டா” என்றாள்.

“இல்லம்மா, கதையே அதுதான்.”

“ரெண்டு புள்ள வச்சிருக்கா இல்ல?”

“ஆமாம்மா, ஆனா நூறு வருஷமா இந்த நாடகத்துல...”

“அட, இருப்பா. இவ போயி எறங்கிட்டா, இதுங்களுக்கு யாரு சோறு போடுவா? நீயா?”

கூட்டம் சிரித்தது. மாமா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். இவ்வளவு பாடுபட்டு, வெட்டிச் சுருக்கி, சார்ட் எழுதி, தெருவில் பஸ்ஸைக் கைகாட்டி அனுப்பி, இதுவரை கொண்டுவந்து சேர்த்த உச்சக்கட்டத்தை ஒரு வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளுபடி செய்கிறார்கள். நான் உதவிக்கு சிஸ்டரைப் பார்த்தேன். அந்தச் சரணத்துக்காக நைட் டியூட்டி முடித்த கையோடு வந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டவர் அவர்தான். இதற்கு மேலும் இந்த ஜனங்களுக்காக நடிக்க மாட்டேன் என்று சொல்வார், சொல்ல அவருக்கு முழு உரிமையும் உண்டு என்று நினைத்தேன்.

சிஸ்டர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“கேக்குறாங்க இல்ல? சொல்லுப்பா, யாரு போடுவா?”